தீர்ப்புக்கு முன்பே தோற்கும் வழக்குகள்

புதுச்சேரி அரியாங்குப்பத்தின் கடலூர் சாலையோரத் தேநீர்க் கடைகளில் காலைப் பத்திரிகையை மடித்து வைக்கும்போது ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "பாருங்க, ஒரு வாரத்துல ஜாமீன்ல வந்துடுவான்." கத்திக்குத்தோ கஞ்சா வழக்கோ நாட்டு வெடிகுண்டு வீச்சோ, எந்தச் செய்தியானாலும் பேச்சு இங்கேதான் வந்து முடியும். இப்படிச் சொல்பவர்களைச் சட்டம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. பட்டப்பகலில் அரிவாளோடு திரிந்தவன் சில வாரங்களில் அதே தெருவில் பைக்கில் சுற்றுவதைக் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. அது யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதைத்தான் நாம் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் காணாமல்போன 9 வயதுச் சிறுமி, சில நாள்களில் வாய்க்காலிலிருந்து சடலமாக மீட்கப்பட்டபோது புதுச்சேரியே தெருவில் இறங்கியது. கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், தூக்குத் தண்டனை வேண்டும் என்ற குரல் எல்லாக் கட்சிகளின் மேடையிலும் கேட்டது. இருவர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் காலாப்பட்டுச் சிறையில் இறந்துபோனார். "தொலைந்தான்" என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. நமக்கு அதில் நிம்மதி இல்லை. என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பதை நிறைந்த நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு கேட்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அதில் ஒரு பகுதி அந்த மனிதரோடு போய்விட்டது.

"தண்டனை கம்மி" என்று நாம் சொல்லும்போது நான்கைந்து வேறுவேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஜாமீன், விடுதலை, குறைந்த தண்டனை, நன்னடத்தைப் பிணையில் அனுப்புவது, தண்டனைக் காலம் முடியுமுன் வெளிவருவது எல்லாம் தனித்தனி. 2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, காரோட்டிய 17 வயதுப் பையனை 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னதற்கு நாடே கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டுரை தண்டனை அல்ல, சிறார் நீதி வாரியம் ஜாமீனுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று. அந்த வழக்கில் அதைவிட ஆழமாகச் சுட வேண்டிய செய்தி பின்னால் வந்தது. பையனின் ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்களே கைதானார்கள். கட்டுரை நினைவிருக்கும் அளவுக்கு ரத்த மாதிரி பலருக்கு நினைவில்லை.

சென்னை முகலிவாக்கம் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் ஒரு குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அருகில் வசித்த இளைஞர் கைதானார், பிறகு ஜாமீனில் வந்தார். அந்த டிசம்பரில் அவருடைய தாய் கொல்லப்பட்டார். அந்த வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர் அதே இளைஞர்தான். குழந்தை வழக்கில் 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேட்டவர்கள் எல்லாம் நியாயம் கிடைத்துவிட்டது என்றார்கள். 2025ல் இரண்டு வழக்குகளும் கவிழ்ந்தன. தாய் கொலை வழக்கில் தந்தையே பிறழ் சாட்சியாக, இளைஞர் விடுதலையானார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குழந்தை வழக்கிலும் அவரை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியங்களின் தொடர்பு நிறுவப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல முறையான வாய்ப்பு தரப்படவில்லை என்பவை முக்கியக் காரணங்கள்.

இதில் இரக்கம் காட்டிய நீதிபதி எங்கே இருக்கிறார்? தண்டனை குறைவாக இருக்கவே இல்லை. சட்டத்தின் உச்சத் தண்டனையே கொடுக்கப்பட்டது. அவசரமும் அரைகுறைப் புலனாய்வும் அதை எட்டு ஆண்டுகளில் ஒன்றுமில்லாமல் ஆக்கின. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது தனி மனிதருக்கு மட்டுமான பழமொழி அல்ல. ஊரே அவசரப்பட்டால் காவல்துறை அவசரப்படும், அரசு வழக்கறிஞர் அவசரப்படுவார், கடைசியில் அந்தக் குழந்தைக்காக நிற்கும் ஆதாரம் ஒன்றுகூட மிஞ்சாது.

இங்கே நம் பங்கு வருகிறது. அரியாங்குப்பம் சந்தையில் நாலு பேர் பார்க்க ஒருவனை வெட்டினால், மறுநாள் அந்த நாலு பேரும் "நான் அந்தப் பக்கமே போகலீங்க" என்பார்கள். கடைக்காரர் கேமரா வேலை செய்யவில்லை என்பார். இரண்டு ஆண்டு கழித்து சம்மன் வந்தால் பெரியவர்கள் கூடி, "பிள்ளைகுட்டிக்காரன், உனக்கேன் வம்பு" என்று அறிவுரை சொல்வார்கள். காயம்பட்டவர் வீட்டிலேயே சமரசம் பேசி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, கூண்டில் ஏறி "இவரை அடையாளம் தெரியவில்லை" என்று சொல்வதும் உண்டு. அப்புறம் விடுதலைத் தீர்ப்பு வருகிறது, நாமே தேநீர்க் கடையில் நீதிபதியைத் திட்டுகிறோம்.

பயம் பொய்யல்ல. ரவுடிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் மறுநாளும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். 2018ல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்குமான சட்டமாகவே அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் அப்படியொரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. அச்சுறுத்தல் இருந்தால் சாட்சி விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கேட்டுத் தனியாளாக நிற்பவரின் மனுவை விட, தெருவே கையெழுத்திட்டு அவரோடு கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு நடந்து போவது வலுவானது. கட்சிக் கொடி பிடிக்கும் இளைஞர் அணிகளும் கோயில் விழாக் குழுக்களும் மீனவர் பஞ்சாயத்தும் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

முதல் முறை தவறியவருக்கு இரண்டாம் வாய்ப்பு என்றாலே எரிச்சல்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் 1885ல் ஒரு சட்டம் போட்டது. திரும்பத் திரும்பத் திருடியவர்களைப் பிரெஞ்சுக் கயானாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் ஆயுளுக்கும் நாடுகடத்தியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1891ல் அதே நாடு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: முதல் முறை குற்றம் செய்தவரின் சிறைத் தண்டனையை நிறுத்திவைக்கலாம், ஐந்து ஆண்டுக்குள் மறுபடி தவறினால் பழைய தண்டனையையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும். வாய்ப்பு உண்டு, அதற்கு விலையும் உண்டு. நம் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டமும் இதே வழியில் வந்ததுதான். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் கண்காணிப்பும் அதற்குள் இருக்கின்றன.

கஞ்சாப் பொட்டலம் சுமக்கவும் பைக் ஓட்டவும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைத்தான் பெரிய ரவுடிகள் பிடிக்கிறார்கள். அந்தப் பையனை முதல் வழக்கிலேயே சிறைக்கு அனுப்பினால், உள்ளே அவனுக்குப் பாதுகாப்பும் சாப்பாடும் தருகிறவர் அதே கூட்டத்தின் தலைவராக இருப்பார். வெளியே வரும்போது அவன் கடன்பட்டவனாக வருவான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ ஒரு பட்டறையிலோ அவனுக்கு வேலை கொடுக்கும் முதலாளி, அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளைக் குறைக்கிறார். குழந்தைகள் மீதும் பெண்கள் மீதும் கைவைத்தவர்களுக்கும், மூன்றாவது முறை அரிவாள் எடுத்தவர்களுக்கும் இந்தக் கனிவு கூடாது. அதில் நமக்குத் தயக்கமே இல்லை.

நீதிமன்றங்கள் மீதான குறையும் ஒன்று உண்டு, அதை மூடிமறைக்கக் கூடாது. ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஓரிடத்தில் ஓராண்டும் இன்னோரிடத்தில் ஐந்தாண்டும் கிடைக்கின்றன. தண்டனை அளவுக்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2003லேயே குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு பரிந்துரைத்தது. இன்றுவரை வரவில்லை. பாதிக்கப்பட்டவருக்கோ இன்னும் பெரிய கதவு அடைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், இழப்பீடு குறைந்தாலும் செய்யலாம். தண்டனை போதவில்லை என்று மட்டும் செய்ய முடியாது. அது அரசின் அதிகாரம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

எனவே புதுச்சேரி அரசிடம் நாம் கேட்க வேண்டியது திட்டவட்டமானது. கொடுங்காயம், பாலியல் குற்றம் ஆகிய வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் தண்டனை போதவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதற்கான காரணத்தை, மேல்முறையீட்டுக்கான கெடு முடியுமுன், அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் எழுத்துமூலம் தர வேண்டும். சட்டமன்றத்தில் இந்தக் கேள்வியை எழுப்புவாரா என்று, அடுத்த முறை தெருவுக்கு வரும்போது அரியாங்குப்பம் தொகுதி உறுப்பினரிடம் நேராகவே கேட்போம்.