கத்தரியைப் பிடிப்பதென்றால் எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கட்டும்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் திறன் பாடங்கள் என்று சில வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 12 மணி நேரம்தான். செயற்கை நுண்ணறிவு, கைவினை, சுற்றுலா என்று போகும் அந்தப் பட்டியலில் அழகுக்கலையும் ஒன்று. முடி, தோல், நகம் ஆகியவற்றின் பராமரிப்பும், அதை வைத்துச் செய்யும் தொழில்களின் அறிமுகமும்தான் பாடம். காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். இரண்டு பதில்கள் வந்தன.

ஒருவர் சிரித்தார். "ஏனுங்க வாத்தியாரே, இத்தனை பீஸ் கட்டிப் படிக்க வெக்கறது புருவம் திருத்தப் பழகறதுக்குங்களா?" இன்னொருவர் சிரிக்கவில்லை. "இது குலக்கல்விதானுங்க. வேற பேர்ல வருது, அவ்வளவுதான்" என்றார்.

முதலாமவரின் கேள்வியில் இளக்காரம் இருக்கிறது. இரண்டாமவரின் பேச்சில் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு நம் மண்ணிலேயே காரணமும் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பாடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பழைய கதை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். தினமும் 5 மணி நேரமாக இருந்த படிப்பு 3 மணி நேரமானது. பிள்ளைகளை இரண்டு நேரமாகப் பிரித்து வரச் சொன்னார்கள். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். பக்கத்து ஈரோட்டுக்காரரான பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ராஜாஜி நமக்கு அந்நியர் இல்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917இல் சேலம் நகராட்சிக்குத் தலைவரானவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் அமைத்தவர். கைத்தொழிலை மதிக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வக்கீல் மகன் மிச்ச நேரத்தில் அப்பாவின் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவான், நாவிதர் மகன் சவரக்கத்தியைத் தீட்டுவான். யார் எந்தத் தொழிலைப் பழகுவது என்று பிறப்பே முடிவு செய்தது.

இதைச் சொல்லும்போது ஒரு சேர்க்கைப் படிவம் நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு தாய் பையனோடு வந்திருந்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "கூலின்னு எழுதிக்கங்க சார்" என்றார். அவர் கணவருக்குக் கடைவீதியில் சொந்தமாகச் சலூன் இருந்தது. நாற்காலி, கண்ணாடி, வரிசையில் காத்திருக்கும் ஆட்கள் என்று நன்றாகவே நடந்த கடை. சலூன் என்று எழுதினால் வகுப்பில் பையனுக்குப் பட்டப்பெயர் விழும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கடை முதலாளியின் மகன் பள்ளிப் பதிவேட்டில் கூலிக்காரர் மகனானான்.

இத்தனைக்கும் நம் கொங்குப் பக்கத்தில் நாவிதர் இல்லாமல் கல்யாணம் நடந்ததில்லை. கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது அவர்தான். குடிமகன் என்ற மரியாதைப் பெயரும் உண்டு. கட்டி உடைத்துப் புண்ணுக்கு மருந்து போட்டவர்களும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் அந்தச் சமூகத்தார். அதனால்தான் அவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர். ஆனால் கூலி என்று பார்த்தால் அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம்தான். பந்தலில் கொடுத்த மரியாதை பந்தலோடு முடிந்தது.

இப்போது சேலம் பேர்லேண்ட்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., முன்பதிவு. அதே முடிவெட்டுதான், பெயர் ஸ்டைலிங். முகூர்த்த நாளில் மணப்பெண் அலங்காரத்துக்கு வரும் பெண்ணை மேக்கப் ஆர்ட்டிஸ்ட் என்கிறோம். அவர் கேட்கிற பணத்தை வாய் பேசாமல் கொடுக்கிறோம். 2000இல் சென்னையில் ஒரு கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் இன்று நாடு முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. நல்லது. தொழிலின் மேல் இருந்த இளக்காரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. முதல் போட வசதி உள்ளவர்களும், பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவர்களும், இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர்களும் உள்ளே வந்தார்கள். தலைமுறையாகக் கத்தரி பிடித்தவர் பெரிய கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். கைத்திறனில் அவருக்குக் குறையில்லை. சாயத்தில் என்ன ரசாயனம் இருக்கிறது, வங்கியில் கடன் எப்படிக் கேட்பது, கணக்கு எப்படி எழுதுவது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது பள்ளிக்கூடம் சொல்லித்தந்திருக்க வேண்டிய சங்கதி. இந்தப் பாடத்தை நான் ஆதரிக்க முதல் காரணம் இது.

12 வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன சொல்லித்தர முடியும் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பேன் எப்படிப் பரவுகிறது, ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்கு ஏன் போடக்கூடாது, தலைச்சாயம் போடுமுன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்வது ஏன் என்று தொடங்கினால் பாதி அறிவியல் பாடம் வந்துவிடும். சின்னக் கடைக்கு மாத வாடகை, மின்கட்டணம், துண்டு துவைக்கும் செலவு போக எவ்வளவு நிற்கும் என்று போட்டுப் பார்த்தால் கணக்குப் பாடமும் வந்துவிடும்.

முக்கியமாக, சிவப்பழகுக் களிம்பு. ஏழாவது எட்டாவது படிக்கும் வயதில்தான் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள், கறுப்பு என்று யாராவது சொன்னால் சுருங்கிப்போகிறார்கள். ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரையே 2020இல் மாற்றினார்கள், ஆசை மாறவில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புறம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் பாதரசம் கலந்த களிம்பைப் பூசியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பு ஒரு குறையில்லை, அதை வெளுக்க வைக்கிறேன் என்று விற்பவன் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தப் பாடம் இருக்கலாம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிது. இந்தத் தொழில் அடுத்தவர் தலையைத் தொடாமல் நடக்காது. தலித் ஒருவருக்கு முடிவெட்ட மறுத்தார்கள், வழக்குப் பதிவானது என்ற செய்தியை இன்னும் நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தீண்டாமைச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. சட்டம் கடைக்குள் போக இத்தனை காலம் எடுக்கிறது. வகுப்பில் பெயர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் தலையை ஒருவர் சீவி, நகம் வெட்டிவிடச் சொன்னால் என்ன ஆகும்? சில வீடுகளிலிருந்து அப்பாக்கள் கிளம்பி வருவார்கள். வரட்டும். அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

இப்போது என் நிபந்தனை. இந்தப் பாடத்துக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளை ஊரே அறியும். மதிப்பெண்ணுக்கும் நீட்டுக்கும் பேர்போனவை. அங்கே அழகுக்கலை வகுப்பு என்றால் முதல் பத்து இடத்துப் பிள்ளைகளை அனுப்புவார்களா? கடைசி பெஞ்சைத்தான் அனுப்புவார்கள். பெண் பிள்ளைகள் போகட்டும், பையன்களுக்கு எதற்கு என்பார்கள். அரசுப் பள்ளியில் வந்தால், "உங்க அப்பா கடைதானே, உனக்கு ஈஸி" என்று ஒரு பையனை எழுப்பி நிறுத்துவார்கள். அந்த நிமிஷமே அது 1953ஆகிவிடும். என் இரண்டாவது நண்பரின் பயம் இதுதான், அது நியாயமானது.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடையில் நிற்கும் பையன் அந்த விலக்குக்குள் அடங்கிவிடுகிறான். அவனுக்குப் பள்ளியும் அதே கத்தரியை மட்டும் நீட்டினால் அவனுக்கு வேறு கதவு ஏது?

2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று. பரம்பரையாகக் குடும்பத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்த வயதை 18இலிருந்து 35ஆக்குங்கள் என்று நம் மாநில அரசு கேட்டது. அது நடக்காததால் இந்த வடிவில் வேண்டாம் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். மாநிலம் தன் பங்குக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் சாதி, குடும்பம் பார்ப்பதில்லை, வயது 35 ஆகியிருக்க வேண்டும். 18 வயதில் படிக்கப் போக வேண்டிய பையனைக் கடன் கொடுத்துக் கடையில் உட்கார வைத்துவிடக்கூடாது என்பதுதான் அந்த 35இன் பொருள். அது சரிதான். ஆனால் 12 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில் விருப்பத்தோடு இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைக்கு வழி தெரிய வேண்டுமே. பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் அழகுக்கலை படிக்கலாம் என்பதே நம் ஊரில் பல பெற்றோருக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் என்பவர் தன் சலூனுக்குள் நூலகம் வைத்திருப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த வேண்டிவந்தவர். புத்தகத்தின் மேல் அவ்வளவு ஆசை உள்ளவர் எட்டாவதோடு நின்றிருக்கிறார் என்பதை நாம் யோசிக்க வேண்டும். இன்றைக்கு அந்த வயதில் இருக்கும் பிள்ளை நிற்காமல் படிக்க வேண்டும், படித்து முடித்துச் சலூன் வைப்பதா கலெக்டர் ஆவதா என்று தானே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் சொல்வது இவ்வளவுதான். இந்தப் பாடத்தை வைத்தால் வகுப்பு முழுமைக்கும் வையுங்கள், ஆண் பெண் இருவருக்கும், முதல் ரேங்குக்கும் கடைசி ரேங்குக்கும். தச்சு, சமையல், லாரி பாடி கட்டுவது, கோழிப்பண்ணைக் கணக்கு என்று மற்றத் தொழில்களையும் கூடவே சுற்றில் விடுங்கள். ஊர்ச் சலூன்காரரையும் பார்லர் நடத்தும் அம்மாவையும் வகுப்புக்கு அழைத்து, மற்ற விருந்தினருக்குப் போடும் அதே நாற்காலியைப் போடுங்கள். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறைதான், கூப்பிட்டால் வருவார்கள். எல்லாருக்கும் வைக்க மனமில்லையா, யாருக்கும் வைக்காதீர்கள்.