எங்கள் வீட்டு கேப்டன்

கொஞ்சம் நீளமான பதிவுதான். டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டன் பக்கம் இருக்கிற என் பேத்தி போன வாரம் வீடியோ காலில், "ஆச்சி, நம்ம குடும்பத்துல முதல் ஆளு யாரு?" என்று கேட்டாள். அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் வாரிசாம். 1620இல் 102 பேர் அந்தக் கப்பலில் அமெரிக்கா போனார்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களின் வாரிசுகளுக்கு 1897இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர வேண்டுமென்றால் சும்மா பெயரைச் சொன்னால் போதாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

நம் வீட்டில் பதில் தயாராக இருக்கிறது. பெரியப்பா மகன், என் அண்ணன், வம்சாவளிப் புத்தகம் ஒன்று போடுகிறார். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், படங்களெல்லாம் அருமை. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு போர்த்துக்கீசிய கேப்டன் பர்னாந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எங்கள் பூட்டனுக்கும் நடுவே 300 வருஷம், ஒரே ஒரு கோடு. தொகுத்தவர்களில் என் பெயரும் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். அதிலிருந்து அண்ணன் சரியாகப் பேசுவதில்லை.

பர்னாந்து, மச்சாது, மோத்தா, வாஸ், ரோச் என்று நம் தெருவில் இருக்கும் பெயரெல்லாம் ரத்தத்தில் வந்தவை அல்ல. 1535–37இல் இந்தக் கரையில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1542இல் வந்த சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கெல்லாம் பதிவேடு எங்கே தேடுவது? பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் வைக்க வேண்டும் என்று திரெந்து சங்கம் சட்டம் போட்டதே 1563இல்தான். அதற்குப் பிறகு 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துச் சாமிமார்களைத் துரத்தினார்கள். இத்தனையையும் தாண்டி ஒரு கோடு நேராக வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றதாம்!

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. வெள்ளைக்காரன் ஒருவன் தலைமாட்டில் இருந்தால்தான் குடும்பத்துக்கு மதிப்பா? அவன் கப்பல் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே கொற்கை முத்து உலகம் எல்லாம் போய்விட்டது. அதைக் குளித்து எடுத்தவர்கள் யார்?

ஏடும் பொய் சொல்லும், அது எனக்குத் தெரியும். உங்களில் பல பேருக்குச் சான்றிதழில் ஜூன் 1 பிறந்தநாள். போட்டது நான்தான். "தேதி தெரியாது டீச்சர், புயல் அடிச்ச வருஷம்" என்று உங்கள் அம்மா சொன்னால் நான் வேறு என்ன எழுத? அதனால் ஒரே ஏட்டை நம்பாமல் ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்தது இது. ஒரு கடற்கரை ஊர்ப் பங்கில், சாமியாரிடம் அனுமதி வாங்கிப் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். கல்யாணப் பதிவேட்டில் 1890இல் எங்கள் பூட்டன் பர்னாந்து. ஆனால் 1868இல் ஞானஸ்நானம் வாங்கியபோது அவர் அப்பா பெயருக்குப் பின்னால் இருப்பது மச்சாது! அம்மா பெயர் இரண்டிலும் ஒன்றே. அந்த அம்மாதான் பர்னாந்து வீட்டுப் பெண். ஞானத்தகப்பன் பர்னாந்து, கல்யாணத்துக்குச் சாட்சியும் அதே ஆள். நடுவில் உள்ள இறப்புப் பதிவேடு கரையான் தின்ற தூள். "உங்க பூட்டன் மாமன் வீட்டுல வளர்ந்தவரு" என்று ஆச்சி ஒரு தடவை சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா போன பிள்ளையைத் தாய்மாமன் எடுத்து வளர்த்து, தன் பெயரையும் கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். "இதையெல்லாம் எழுதணுமா? அப்பா பேரு மாறினவன்னு சொல்லுவாங்க" என்றார். எனக்கு அது அசிங்கமாகப் படவில்லை. அந்த மாமன் இல்லையென்றால் இந்தப் புத்தகத்தில் இருக்கும் 140 பேரில் யாருமே இல்லை. அந்த மாமனுக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. விதவையாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த அந்தத் தாய்க்கும் கிடையாது. எந்த ஏட்டிலும் இல்லாத கேப்டனுக்கு முழுப்பக்கம்! அண்ணன் போட்ட படத்தில் பெண்ணுக்கு எல்லாம் 'மனைவி' என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாமியார்களாவது அம்மா பெயரை எழுதி வைத்தார்கள். பூட்டனின் அம்மா பெயரைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அண்ணனுக்கு நான் சொல்வது இதுதான். 1868இல் நிறுத்துங்கள். அதற்கு மேலே 'தெரியவில்லை' என்று போடுங்கள். தாய்மாமனை உள்ளே கொண்டுவாருங்கள். அப்படிச் செய்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேத்தியிடம், "முதல் ஆளு தெரியாது கண்ணு, ஆனா ஒரு மாமா கதை இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறாளாம்.

சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் தாளில் ஏதாவது எழுதியிருக்கும். கிரயப் பத்திரம், கொழும்புக்குப் போய்வந்த பாஸ்போர்ட், கல்லறைக் கல் என்று எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். படத்தில் எழுத்து தெரிய வேண்டும், ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். மணப்பாட்டு அத்தைக்கு 91 வயது, காது கேட்காது, ஆனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை போகிறேன். யாராவது பைக்கில் கூட்டிக்கொண்டு போனால் உதவியாக இருக்கும்.