லேப்டாப் ஸ்கிரீன் மினுக்குகிறதா? கடைக்குக் கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம்!

மறுநாள் காலை காலேஜில் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கு லேப்டாப் ஸ்கிரீன் விட்டு விட்டு மினுக்க ஆரம்பிக்கிறது. மகள் அழாத குறை. காலையில் அப்பா கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மூடியைத் திறந்து பார்த்த உடனேயே, "டிஸ்பிளே போயிடுச்சு சார், புதுசு மாத்தணும்" என்று பதில் வருகிறது. பல வீடுகளில் நடக்கும் கதை இது.

டிஸ்பிளே நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால், ஸ்கிரீன் மினுக்குவதற்கு டிஸ்பிளே மட்டுமே காரணம் இல்லை. டிரைவர் எனப்படும் மென்பொருள், ஏதோ ஒரு ஆப், உள்ளே போகும் ஒரு மெல்லிய கேபிள், ஏன், சார்ஜர்கூட காரணமாக இருக்கலாம். எது என்று தெரியாமல் டிஸ்பிளேயை மாற்றினால் பணமும் போகும், மினுக்கலும் நிற்காது.

முதல் வேலை: ஸ்கிரீனில் ஏதாவது தெரியும்போதே முக்கியமான ஃபைல்களை பென் டிரைவுக்கோ கூகுள் டிரைவுக்கோ மாற்றிவிடுங்கள். பிறகு நிதானமாகச் சோதிக்கலாம்.

சார்ஜரைக் கழற்றுங்கள்

பேட்டரியில் ஓடும்போது மினுக்கல் நின்றுவிட்டால் சார்ஜர் மீதோ, பிளக் பாயின்ட் மீதோ சந்தேகப்படலாம். வேறு அறையில் உள்ள பிளக்கில் போட்டுப் பாருங்கள். பிரைட்னஸை முழுதாக ஏற்றியும் பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் மட்டும் மினுக்கினால் பழுதாகவே இருக்க வேண்டியதில்லை. சில ஸ்கிரீன்கள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் சேதி

விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றவை மினுக்கும்போது அது மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு ஆப்தான் குற்றவாளியாக இருக்கும். சமீபத்தில் போட்ட ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்பிளே டிரைவர் மீது சந்தேகம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக இயங்கத் தொடங்கும். அப்டேட் ஆனதிலிருந்துதான் தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதிக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து பழைய டிரைவருக்கே திரும்பலாம்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே மினுக்குகிறதா?

லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற கீகளில் ஒன்றை அழுத்தினால் பயாஸ் திரை வரும். எந்த கீ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதையும் மாற்றாமல் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கும் மினுக்கினால் விண்டோஸ் மீதோ ஆப் மீதோ பழி போட முடியாது. பழுது ஹார்டுவேரில்தான். டெல் லேப்டாப் என்றால் அணைத்துவிட்டு, டி கீயை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்துங்கள். ஸ்கிரீன் ஒவ்வொரு நிறமாக மாறி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.

மூடியை அசைத்து, டி.வி.யில் பார்த்து...

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மினுக்கினால் கேபிள் மீதுதான் முதல் சந்தேகம். போர்டிலிருந்து ஸ்கிரீனுக்குப் போகும் அந்த கேபிள், மூடியின் கீல் வழியாகத்தான் செல்கிறது. தினமும் திறந்து மூடுவதில் தேயும், லூஸாகும்.

கடைசியாக, ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் வீட்டு டி.வி.யுடன் இணையுங்கள். விண்டோஸ் கீயுடன் பி அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள். டி.வி.யிலும் மினுக்கினால் டிஸ்பிளே மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. டிரைவரையோ கிராபிக்ஸ் பகுதியையோதான் பார்க்க வேண்டும். டி.வி.யில் தெளிவாக இருந்து, பயாஸ் திரையும் மினுக்கியிருந்தால் டிஸ்பிளே அல்லது அதன் கேபிள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

"முதல்ல கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்க. சரியாகலைன்னா கேபிள் மாத்திப் பாருங்க. அப்புறம் டிஸ்பிளேயைப் பார்க்கலாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். டிஸ்பிளே மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையதன் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் 30 பின், 40 பின் என்று கனெக்டர் மாறும். வாரண்டி இருந்தால் வெளியே திறக்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

நீங்களே திறப்பதாக இருந்தால் சார்ஜரை மட்டும் பிடுங்கினால் போதாது. உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிய பிறகே டிஸ்பிளே கேபிளைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் போர்டில் உள்ள ஃபியூஸ் போய், சின்னப் பழுது பெரிய பழுதாகிவிடும். டச் பேட் மேலெழும்பியோ அடிப்பக்கம் உப்பியோ தெரிந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிராஜெக்ட் என்ன ஆவது என்கிறீர்களா? டி.வி.யில் தெளிவாகத் தெரிகிறது என்றால், ரிப்பேர் முடியும்வரை டி.வி.தான் மானிட்டர். இரவு சீரியலை மட்டும் வீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்!