ஐ.டி.இ ஹார்ட் டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி...

வீட்ல புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும்போது ஒரு கேள்வி கண்டிப்பா வரும். பழைய சி.பி.யு.வுல இருக்கற ஹார்ட் டிஸ்க்கை என்ன பண்றது? கடையில சொல்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான். "அது ஐ.டி.இ சார், இந்த போர்டுல வராது. தூக்கிப் போட்டுடுங்க."

இதுல முதல் பாதி உண்மை. ரெண்டாவது பாதியோடதான் எனக்குச் சண்டை.

எங்க கிளாஸ்ல நிறைய பேர் ஐ.டி.இ கேபிளையே பார்த்திருக்க மாட்டாங்க. பட்டையா, சாம்பல் நிறத்துல, 40 பின் கனெக்டரோட இருக்கும். ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் மாட்டலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ்னு டிரைவுக்குப் பின்னாடி குட்டி ஜம்பர் வெச்சு சொல்லணும். அதிகபட்ச வேகம் நொடிக்கு 133 எம்.பி. 2003ல சாட்டா டிரைவுகள் வந்தப்போ வேகம் 150ல ஆரம்பிச்சுது. கேபிளும் ஒல்லியாச்சு, மாஸ்டர் ஸ்லேவ் தொல்லையும் ஒழிஞ்சுது. 2006ல வந்த இன்டெல் ஐ.சி.எச்.8 சிப்புல ஐ.டி.இ.யையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் சில வருஷம் போர்டு கம்பெனிகள் தனியா ஒரு சிப் வெச்சு ஒரே ஒரு ஐ.டி.இ போர்ட் கொடுத்தாங்க. பிறகு அதுவும் போச்சு. போனது நியாயம்தான்.

ஆனா "போர்டுல இடம் இல்லை" வேற, "டிஸ்க்குல இருக்கறது போச்சு" வேற மக்களே! ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.யா மாத்தற கன்வெர்டர் கடையிலயும் ஆன்லைன்லயும் இன்னமும் கிடைக்குது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 40 பின், லேப்டாப் டிஸ்க்குக்கு 44 பின், சாட்டாவுக்கு ஒண்ணுன்னு மூணு வாய் இருக்கற மாதிரி பார்த்து வாங்குங்க. டெஸ்க்டாப் டிஸ்க் சுத்தறதுக்கு 12 வோல்ட் வேணும். யு.எஸ்.பி போர்ட்ல வர்றது 5 வோல்ட்தான். அதனால கூட வர்ற பவர் அடாப்டரையும் மாட்டணும். ஜம்பரை மாஸ்டர்ல வைங்க. அவ்ளோதான் வேலை.

மாட்டினதும் மூணு விஷயம் பயமுறுத்தும். "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு விண்டோஸ் கேட்டா, தயவு செஞ்சு வேணாம்னு சொல்லுங்க. ஃபோல்டரைத் திறந்தா "அனுமதி இல்லை"ன்னு வந்தா டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அது பழைய கம்ப்யூட்டர்ல இருந்த யூசரோட பூட்டு, அட்மினா இருந்து ஓனர்ஷிப்பை மாத்திக்கலாம். அப்பா டைப் அடிச்ச தமிழ் ஃபைல் புரியாத இங்கிலீஷ் எழுத்தா தெரிஞ்சாலும் அழிச்சுடாதீங்க. அது பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவா இருக்கலாம். அதை மாத்திக் கொடுக்கற கன்வெர்டர்கள் இருக்கு. நிஜமாவே பயப்பட வேண்டியது ஒண்ணுக்குத்தான்: டிஸ்க் "டக் டக்"னு அடிச்சுக்கிட்டா உடனே நிறுத்துங்க. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தா இருக்கறதும் போயிடும்.

"அப்போ அதையே எக்ஸ்ட்ரா டிரைவா வெச்சுக்கலாமே?"ன்னு கேட்டான் என் ரூம்மேட். கூடவே கூடாது! 40 ஜி.பி டிஸ்க்கை விட இப்போ பென் டிரைவே பெருசு. இருபது வயசு மோட்டாரை நம்பி புதுசா எதையும் வைக்காதீங்க. அதுலேர்ந்து பூட் பண்ணவும் முயற்சி பண்ணாதீங்க, பழைய எக்ஸ்.பி புது போர்டுல நீலத் திரைதான் காட்டும். ஒரே ஒரு தடவை மாட்டி, எல்லாத்தையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்துட்டு ஓய்வு கொடுத்துடுங்க.

தூக்கிப் போடறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. நீங்க ஒரு கன்வெர்டர் வாங்கிப் படிக்க முடியும்னா, காயலான் கடையில அந்த டிஸ்க்கை வாங்கறவனும் படிக்க முடியும். வீட்டு போட்டோ, பேங்க் பேப்பர் எல்லாம் சேர்த்துதான். குயிக் ஃபார்மேட் எதையும் அழிக்காது, விவரப் பட்டியலை மட்டும்தான் புதுசாக்கும். காப்பி எடுத்த பிறகு டிஸ்க் முழுக்க மேலெழுதி அழிங்க. இல்லேன்னா கழட்டி உள்ள இருக்கற தட்டைக் கெடுத்துட்டுக் கொடுங்க.

நம்ம செட்டுல நிறைய பேரோட குழந்தை போட்டோ எங்கே இருக்கு தெரியுமா? டிஜிட்டல் கேமரா வீட்டுக்கு வந்த புதுசுல எடுத்தது. அப்போ கிளவுட் கிடையாது, பிரிண்ட் போடற பழக்கமும் குறைஞ்சு போச்சு. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் கொட்டி வெச்சாங்க. பரண்ல கிடக்கற அந்த சி.பி.யு.வைத் தவிர வேற எங்கேயும் அது இல்லாம இருக்கலாம்.

சாட்டா டிஸ்க்தானே, நமக்கென்னன்னு சிரிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னிக்கு அது புது போர்டுல நேரா வேலை செய்யுது. ஆனா எம்.2 ஸ்லாட் கூடக் கூட சாட்டா போர்ட் குறைஞ்சுக்கிட்டே வருது. ஐ.டி.இ போனதும் இப்படித்தான். கன்வெர்டர் சல்லிசா கிடைக்கும்போதே, டிஸ்க் இன்னும் சுத்தும்போதே, இந்த வேலையை முடிச்சுடுங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ பையில ஒரு கன்வெர்டர் இருக்கட்டும்.