'பிடிக்கும்' என்ற ஒரு சொல் போதுமா?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறாருக்கு மிக எளிய பாடமாகக் கருதப்படுவது உணவு விருப்பம். ஆப்பிள், முட்டை, மீன் எனப் படங்களைக் காட்டினால் குழந்தை 'ஐ லைக்' என்றோ 'ஐ டோன்ட் லைக்' என்றோ சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்தே முதல் வகுப்பில் ஆங்கிலம் பாடமாக உள்ளது. மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதியின் தலைமையகம் புனேயில்தான் இருக்கிறது. இந்நகரிலிருந்து பார்க்கையில் அப்பாடம் அவ்வளவு எளியதாகத் தோன்றவில்லை.

இலக்கணத்திலிருந்து தொடங்கலாம். தமிழில் 'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம். மராத்தியில் 'மலா ஆவட்தே' என்பர். இரண்டிலும் விரும்புபவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். ஆங்கிலத்தில் அவரே எழுவாய். பயிற்சியால் குழந்தைகள் இதைக் கடந்துவிடுவர். சிக்கல் பொருண்மையில் இருக்கிறது.

'எனக்கு முட்டை பிடிக்காது', 'எங்கள் வீட்டில் முட்டை உண்பதில்லை', 'எங்களுக்கு முட்டை கிடைப்பதில்லை' என்னும் மூன்றையும் சிறு குழந்தையும் தாய்மொழியில் வேறுபடுத்திச் சொல்லும். முதலாவது நாவின் சுவை, இரண்டாவது குடும்ப வழக்கம், பெரும்பாலும் சாதியும் சமயமும் சார்ந்தது, மூன்றாவது வறுமை. வகுப்பறை ஆங்கிலமோ மூன்றையும் 'டோன்ட் லைக்' என்பதற்குள் அடைத்துவிடுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2023 நவம்பரில் மகாராஷ்டிர அரசு பள்ளி மதிய உணவில் வாரம் ஒரு முட்டையைச் சேர்த்தது. உண்ணாதோருக்கு வாழைப்பழம் என்றது. 2025 சனவரியில் முட்டைக்கான நிதியை நிறுத்தியது. தட்டில் முட்டை இல்லாமற் போனதற்கும் குழந்தையின் விருப்பத்திற்கும் தொடர்பில்லை.

மாட்டிறைச்சியின் நிலை இன்னும் கடுமையானது. 2015 முதல் காளை, எருது வதையும் இங்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வுணவு மரபுடைய வீட்டுக் குழந்தை, பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு வகுப்பின் முன் என்ன சொல்லும்? மராத்வாடாவின் தலித் சமையலைப் பதிவுசெய்த சாஹு பட்டோளே, அன்னமே பூரணப் பிரம்மம் என்ற மராத்தி வழக்கைத் திருப்பி, தம் நூலுக்கு 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' எனப் பெயரிட்டார். அந்த அபூரணம் வகுப்பறையிலும் உண்டு. அக்குழந்தை 'ஆப்பிள்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். ஆசிரியர் அதைச் சரியான விடையாகக் குறித்துக்கொள்வார்.

தீர்வு கடினமானதன்று. 'லைக்' கற்பிக்கும் வாரத்திலேயே 'வி ஈட்', 'வி டோன்ட் ஈட்', 'வி டோன்ட் கெட்' ஆகியவற்றையும் கற்பிக்கலாம். வாக்கிய அமைப்பு ஒன்றே என்பதால் கூடுதல் சுமை இல்லை. தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தயங்கும் குழந்தை, கதைமாந்தர் ஒருவரின் உணவைப் பற்றிப் பேசட்டும். எந்த விடைக்கும் வகுப்பில் சிரிப்போ முகச்சுளிப்போ எழாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

புதிய மொழியில் தன்னைப் பற்றி ஒரு குழந்தை சொல்லும் முதல் வாக்கியம் பொய்யாக அமையக் கூடாது. ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் தம் வகுப்பறை அனுபவங்களைப் பகிர வேண்டுகிறேன்.