எத்தனை தடவைதான் 'முதலாவது'?

செய்தி ஆசிரிய பீடங்களுக்கு மிகவும் பிடித்தமான சொற்களில் ஒன்று 'முதன்முதலாக' என்பதாகும். பல தசாப்தங்களாகத் தலைப்புகளை எழுதியும் திருத்தியும் பழகியவன் என்ற வகையில், ஒரே துறையைப் பற்றி அந்தச் சொல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும்போது எனக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் சந்தேகமே அதிகம் எழுகிறது. பலே நடனத்தில் கறுப்பினப் பெண்களின் வரலாறு அத்தகையதே.

1951 ஆம் ஆண்டில் ஜெனற் கொலின்ஸ், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒபராவில் முதன்மை நடனக்கலைஞரான முதலாவது கறுப்பினப் பெண். 1955 இல் றேவன் வில்கின்சன், பெரிய பலே குழுவொன்றில் முழுநேர ஒப்பந்தம் பெற்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கப் பெண். 1990 இல் லோரன் அண்டர்சன், ஹூஸ்ரன் பலேயின் முதன்மைக் கலைஞராக உயர்ந்த முதலாவது கறுப்பினப் பெண். 2015 இல் மிஸ்ரி கோப்லண்ட், 75 வருட வரலாற்றைக் கொண்ட அமெரிக்கன் பலே தியேட்டரில் அதே நிலையை அடைந்த முதலாவது கறுப்பினப் பெண். அறுபது வருடங்களுக்கும் மேலாக 'முதலாவது' என்றே எழுதவேண்டியிருந்தது என்றால், அது அந்தப் பெண்களின் திறமைக்குச் சான்று. அந்த நிறுவனங்களின் நேர்மைக்குச் சான்று அல்ல.

அந்த 'முதலாவது' என்ற பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பற்றிச் செய்திகள் அதிகம் பேசுவதில்லை. ஜெனற் கொலின்ஸ் பதின்ம வயதில் ஒரு பலே குழுவின் தெரிவுக்குச் சென்றபோது, மேடையில் முகத்தையும் உடலையும் வெள்ளையாகப் பூசிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். வெளிர்நிறத் தோலையுடைய றேவன் வில்கின்சன், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது தனது இனத்தை மறைத்துப் பொய்கூற உடன்படவில்லை. அதனால் 1957 இல் அற்லாண்டாவில் சக கலைஞர்கள் தங்கிய ஹோட்டலில் இருந்து அவர் வெளியேற்றப்பட்டார். இறுதியில் அவர் தனது கலை வாழ்வைத் தொடர்வதற்கு நெதர்லாந்துக்குச் செல்லவேண்டியதாயிற்று.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று சொல்லிவிட முடியுமா? 2018 இல் பேர்லின் அரச பலே குழுவில் இணைந்த பிரெஞ்சுக் கலைஞர் குளோய் லோப்பஸ் கோம்ஸ், 'அன்னத் தடாகம்' நாட்டியத்துக்காகத் தோலை வெண்மையாக்கும் பூச்சைப் பூசுமாறு தான் பணிக்கப்பட்டதாகவும், பயிற்றுநர் ஒருவரின் இனவாதப் பேச்சுக்களைச் சகித்துக்கொள்ள வேண்டியிருந்ததாகவும் 2020 இல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். விவகாரம் சட்ட நடவடிக்கை வரை சென்று, 2021 ஏப்ரலில் 16 ஆயிரம் யூரோ இழப்பீட்டுடனும் ஒரு வருட ஒப்பந்த நீடிப்புடனும் இணக்கத்துக்கு வந்தது. ஜெனற் கொலின்ஸிடம் கேட்கப்பட்டதற்கும் இவரிடம் கேட்கப்பட்டதற்கும் இடையில் சுமார் எட்டு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆனால், பூச்சின் நிறம் மாறவில்லை.

இதற்குக் கூறப்படும் நியாயம் 'ஒருமைப்பாடு' என்பதாகும். அன்னங்களாக ஆடும் பெண்கள் அனைவரும் ஒரே உருவமாகத் தோன்றவேண்டும். நிறம் மாறினால் பார்வையாளரின் கவனம் சிதறும் என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுவருடம், 1969 இல், ஆதர் மிற்செல் கரெல் ஷூக்குடன் சேர்ந்து நிறுவிய ஹார்லெம் நடன அரங்கம் இந்த வாதத்துக்கு எப்போதோ பதில் அளித்துவிட்டது. அக்குழுவின் பெண்கள் இளஞ்சிவப்புக் காலுறைகளைக் களைந்துவிட்டு, 1970 களிலேயே தத்தமது தோலின் நிறத்துக்கு ஏற்ற காலுறைகளையும் சப்பாத்துகளையும் அணிந்து ஆடினார்கள். நடனத்தின் ஒழுங்கு குலையவில்லை. ஒருமைப்பாடு என்பது அசைவிலும் தாளத்திலும் இருப்பதே தவிர, தோலில் இருப்பதல்ல.

சப்பாத்து என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். நுனிக்காலில் ஆடும் சப்பாத்து இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அது வெள்ளைத் தோலுடன் கலந்து காலை நீளமாகக் காட்டவேண்டும் என்பதே. கறுப்பினப் பெண்கள் ஒவ்வொரு சோடிக்கும் தங்களது முகப்பூச்சைத் தாங்களே தடவி நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். முன்னணிக் கலைஞர் ஒருவரின் சப்பாத்து சிலவேளைகளில் ஒரேயொரு காட்சிக்குத்தான் தாங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேலையின் சுமை புரியும். லண்டனின் பிரபல சப்பாத்துத் தயாரிப்பாளரான ஃப்ரீட் நிறுவனம், 'பலே பிளாக்' குழுவுடன் இணைந்து மண்ணிறச் சப்பாத்துகளை அறிமுகம் செய்தது 2018 இல்தான். அதுவரை, அந்தப் பெண்கள் அங்கு எதிர்பார்க்கப்படாதவர்கள் என்பதை ஒவ்வொரு நாளும் காலடியில் கிடந்த சப்பாத்தே அவர்களுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தது.

2015 ஜூனில் நியூயோர்க்கில் மிஸ்ரி கோப்லண்ட் 'அன்னத் தடாகத்தில்' முதன்மைப் பாத்திரமேற்று ஆடி முடித்தபோது, றேவன் வில்கின்சனும் லோரன் அண்டர்சனும் மேடையேறி அவருக்கு மலர்க்கொத்துகளை வழங்கினார்கள். மூன்று தலைமுறைகள் ஒரே மேடையில் நின்ற அந்தக் காட்சி நெகிழ்ச்சியானதுதான். ஆனால், 2025 அக்டோபரில் கோப்லண்ட் அந்தக் குழுவிடம் இருந்து விடைபெற்றபோது, அதன் முதன்மைக் கலைஞர்கள் வரிசையில் வேறொரு கறுப்பினப் பெண் இருக்கவில்லை.

கதவு திறந்துவிட்டது என்று பத்து வருடங்களாகக் கொண்டாடியவர்கள் பதில்கூற வேண்டிய இடம் இதுவே. கோப்லண்ட் 13 வயதில், சிறுவர் கழகமொன்றில் கிடைத்த இலவச வகுப்பில் பலேயைத் தொடங்கியவர். அத்தகைய வாய்ப்பு தற்செயலாக அமையும் வரை காத்திருக்காமல், வசதியற்ற பிள்ளைகளைத் தேடிச்சென்று பயிற்றுவிப்பதும், அவர்களுக்கு ஒப்பந்தம் வழங்குவதும், வழங்கிய பின்னர் அவமதிக்காமல் நடத்துவதும் நிறுவனங்களின் கடமை. 'முதலாவது கறுப்பினப் பெண்' என்ற தலைப்பு அடுத்ததடவை கண்ணில் படும்போது, அந்தக் குழு அவருக்குப் பின்னர் இரண்டாமவராக யாரை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்றும் நாம் கேட்கவேண்டும்.