திகதி முடிஞ்ச பேணியும் செத்துப்போன ஈஸ்ட்டும்

மெல்பேர்ணில் படிக்கிற காலம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டின் குசினி அலுமாரியில்தான் அந்தப் பேணி கிடைத்தது. முந்தி இருந்தவர்கள் விட்டுட்டுப் போனது. வீட்டிலேயே பியர் செய்வதற்கான கிட், 1.7 கிலோ. அடியில் அடித்திருந்த திகதி முடிந்து இரண்டு வருசத்துக்கு மேல்.

"எறி மச்சான், வயித்தால போகும்" என்றான் ஒருத்தன். "பியர் எப்பிடியடா பழுதாகும்? பழசானாத்தானே திறம்" என்றான் மற்றவன். இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதும் பிழை. ஊருக்குத் திரும்பிய பிறகும் இதே இரண்டு பிழைகளைத்தான் ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் காண்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், அந்தப் பேணிக்குள் இருப்பது பியர் இல்லை. முளைக்கவைத்த பார்லியில் இருந்து எடுத்த சாற்றை, ஹொப்ஸ் என்ற பூவின் கசப்போடு சேர்த்து வற்றவைத்த பாணி. எங்கட பனம்பாணி மாதிரித் தடிப்பாக இருக்கும். பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே சின்னதாக ஒரு ஈஸ்ட் பக்கற், 5 அல்லது 7 கிராம். பாணியைச் சுடுதண்ணியில் கரைத்து, ஒரு கிலோ சீனி போட்டு, 23 லீற்றர் வரும்வரை தண்ணீர் விட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். மிச்ச வேலையை ஈஸ்ட் பார்க்கும்.

ஆக ஒரு திகதிக்குக் கீழே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பாணி. தண்ணீர் குறைவு, இனிப்பு அதிகம், காற்றுப் புகாத தகரம். கிருமி வளர அங்கே வழியில்லை. கனகாலம் கிடந்தால் நிறம் கறுக்கும், ஹொப்ஸின் கசப்பும் வாசமும் குறையும், ரொஃபி மாதிரி ஒரு பழைய வாசம் வரும். மற்றது ஈஸ்ட். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அதுதான். அது உயிர். காய்ந்து உறங்குகிற உயிரும் வெக்கையான அலுமாரிக்குள் வருசக்கணக்கில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்.

எங்களுக்கு அது தெரியாது. பழைய ஈஸ்ட்டையே தூவினோம். இரண்டு நாள் பார்த்தோம். நுரை இல்லை, குமிழி இல்லை, வாளி நிறைய இனிப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. அப்படி விட்டுவைத்தால் காற்றில் திரிகிற வேறு கிருமிகள் வந்து குடியேறும். ஓடிப்போய்ப் புது ஈஸ்ட் பக்கற் ஒன்று வாங்கிப் போட்டோம். அடுத்த நாள் காலை வாளி நுரைத்துக்கொண்டு நின்றது.

வந்த பியர் எப்படி? லேபிளில் பொன்னிறம். எங்கட கிளாஸில் பிளேன்ரீ நிறம். குடிக்கலாம், ஆனால் நல்ல பியர் என்று சொல்லமாட்டோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு வெட்கமான இடம் வேறு. அந்தச் சனிக்கிழமை வந்த நண்பர்களுக்கு அதைத்தான் ஊற்றிக் கொடுத்தோம். "ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று ஒருத்தி கேட்டாள். "டார்க் பியர்" என்றோம். திகதியைச் சொல்லவில்லை. பேணி ஏற்கெனவே குப்பைக்குள் போயிருந்தது. வருத்தம் வராது என்று எங்களுக்குத் தெரியும், சரி. ஆனால் குடிக்கிறதா விடுகிறதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள். அந்த உரிமையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவுஸ்திரேலியாவில் பொதிகளில் இரண்டு விதமான திகதி இருக்கும். 'யூஸ் பை' என்றால் பாதுகாப்பு. அந்த நாளுக்குப் பிறகு விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் தரம். அதற்குப் பிறகு சுவையோ வாசமோ குறையலாம், ஆனால் பொருள் பழுதாகாமல் இருந்தால் விற்கலாம். பியர் கிட்டில் இருப்பது இரண்டாவது. நாங்கள் ஊரில் எல்லாவற்றையும் 'எக்ஸ்பயரி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். பிறகு ஒரு பக்கம் நல்ல சாமானைக் குப்பையில் கொட்டுகிறோம். மறுபக்கம் "ஒண்டும் செய்யாது" என்று பழுதானதையும் விழுங்குகிறோம்.

2022 இல் சாமான் விலை ஏறின நேரம் இந்த "ஒண்டும் செய்யாது" எவ்வளவு பெரிய சொல் என்று கண்டோம். கையில் காசில்லாதவருக்குத்தான் அதை முதலில் சொல்லுவார்கள். திகதி முடிந்த சாமானை விற்பது இங்கே குற்றம். அந்தச் சட்டம் இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. என் வீட்டுப் பேணியை நான் தெரிந்துகொண்டு திறப்பது வேறு. இன்னொருவரின் கையில் அதைத் தெரியாமல் திணிப்பது வேறு.

தெரிந்துகொண்டு திறப்பவருக்கும் எல்லை உண்டு. பேணி ஊதியிருந்தால், கசிந்தால், பொருத்தில் நசுங்கியிருந்தால், கறள் ஆழமாக ஏறியிருந்தால், திறக்கும்போது சீறினால், ருசி பார்க்காமல் எறியுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பியர் செய்யச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. இலங்கையில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது செய்வது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆனால் பாணுக்கும் பணிசுக்கும் வாங்கின ஈஸ்ட் பக்கற் உங்கட குசினியிலும் எங்கேயாவது கிடக்கும். அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து, ஈஸ்ட்டைப் போட்டு, கால் மணித்தியாலம் பொறுங்கள். நுரைத்தால் உயிர் இருக்கு. இல்லையென்றால் மாவை வீணாக்காதீர்கள்.

அந்த நண்பியிடம் பிறகு உண்மையைச் சொன்னோம். சிரித்தாள். "முதலே சொல்லியிருந்தாலும் குடிச்சிருப்பன்" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் இன்னும் வெட்கமாகப் போனது.